அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தம்புச் செட்டித் தெருவுக்குப் போய் வாருங்கள்

2024 நவம்பரில் நங்கநல்லூரில் ஒரு பழைய ஃபிளாட் வாங்கினோம். இரண்டாவது மாடி, 850 சதுர அடி, 1996-ல் கட்டியது, விலை 64 லட்சம். வீட்டுக்காகச் செய்த ஒவ்வொரு செலவையும் என் கணவர் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அதில் ஐந்தாவது வரி, "வக்கீல் ஒப்பீனியன் – 8,000". அதாவது சொத்துப் பத்திரங்களைப் படித்துப் பார்த்து வக்கீல் எழுதித் தரும் கருத்து. அந்த வரியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பழைய ஃபிளாட் பார்த்துக்கொண்டிருக்கும் யாராவது ஒருவருக்காவது உதவினால் போதும்.

வக்கீலின் பெயரைப் போடவில்லை. வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அவரும் "பேரெல்லாம் போடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டார். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புச் செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு, லிங்கிச் செட்டித் தெரு என்று நடந்தால் மாடிக்கு மாடி வக்கீல் அலுவலகம்தான். சொத்துப் பத்திரம் மட்டுமே பார்க்கிற வயதானவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்தவர் அப்படி ஒருவர். நான் வேலை பார்க்கும் லேபில் கூட இருக்கும் அக்கா ஒருவர் சொல்லித்தான் போனோம்.

போனதே தயக்கத்தோடுதான். அது ஆனி மாதக் கடைசி. "மேடம், ஆடி பொறக்கறதுக்குள்ள ரெண்டு லட்சம் டோக்கன் அட்வான்ஸ் போட்டுடுங்க, இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்று புரோக்கர் தினம் இரண்டு முறை ஃபோன் செய்துகொண்டிருந்தார். வீட்டுக்கடன் கேட்டிருந்த வங்கியில் ஜெராக்ஸ் கொடுத்து மூன்றே நாளில் "லீகல் கிளியர்" என்று தகவல் வந்துவிட்டது. வங்கியே பார்த்துவிட்டதே, நாம் ஏன் தனியாக எட்டாயிரம் கொடுக்க வேண்டும் என்று என் கணவர் கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த அக்காதான் விடவில்லை. "பேங்க் வக்கீல் பேங்க்குக்காகப் பாக்கறவர். உனக்காகப் பாக்க ஒருத்தர் வேணாமா?" என்றார்.

வங்கி வக்கீலின் கட்டணத்தைக் கட்டியதும் நாங்கள்தான். ஆனால் அவர் எழுதிய அறிக்கையின் ஒரு பக்கத்தைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை. கேட்டதற்கு, அது வங்கியின் உள் ஆவணம் என்றார்கள்.

நாங்கள் போன வக்கீலின் அலுவலகம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. குறுகலான மரப்படி, கைப்பிடிக் கயிறு வேறு. உள்ளே ஒரு மேஜை, இரண்டு இரும்பு பீரோ, சுவரில் தினசரிக் காலண்டர். நாங்கள் கொண்டுபோன ஃபைலை வாங்கியவர் முதல் அரைமணி நேரம் எதையும் படிக்கவில்லை. எது இருக்கிறது, எது இல்லை என்று மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனார். 1996 கிரயப் பத்திரம் இருந்தது. பில்டரோடு போட்ட கட்டுமான ஒப்பந்தம் இல்லை. அந்தக் காலத்துப் ஃபிளாட்டுகளில் பத்திரத்தில் வருவது நிலத்தின் பிரிக்கப்படாத பாகம் மட்டும்தான், அதாவது யு.டி.எஸ். கட்டடம் தனி ஒப்பந்தத்தில் இருக்கும். "அது இல்லாம இந்த 850 அடி எங்கேர்ந்து வந்ததுன்னு நான் எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். தாய்ப்பத்திரம் (அந்த நிலத்தின் முந்தைய பத்திரம்), அங்கீகரித்த வரைபடம், சொத்து வரி ரசீது, எல்லாவற்றையும் கேட்டு ஒரு பட்டியல் கொடுத்து அனுப்பினார். விற்பவரிடமிருந்து அதையெல்லாம் வாங்கிவர ஒரு வாரம் ஆயிற்று.

இரண்டாவது முறை போனபோது அவர் செய்த ஒரு காரியம் என் மனதில் அப்படியே நிற்கிறது. பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை, அதாவது ஈ.சி.யை, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம், 1975-லிருந்து இருக்கிறது. விற்பவர் கொடுத்திருந்த ஈ.சி.யை அவர் ஓரமாக வைத்துவிட்டு, சர்வே எண்ணைப் போட்டு 1975 முதல் அன்றுவரை தானே புதிதாக எடுத்தார். ஃபிளாட்டுகளுக்கு அப்படி எடுத்தால் அந்த மனையில் இருக்கும் எல்லா வீட்டுக் கிரயங்களும் சேர்ந்து வரும். எட்டு வீடுகளின் யு.டி.எஸ்.ஸையும் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதினார். 600, 600, 600, 590... மொத்தம் 4,780 சதுர அடி. மனை இரண்டு கிரவுண்டு, 4,800 அடி. "இருபது அடி குறையறது பரவாயில்லை. கூடியிருந்தாத்தான் வம்பு. இருக்கற நிலத்துக்கு மேல வித்திருக்கான்னு அர்த்தம்" என்றார். யு.டி.எஸ். எவ்வளவு என்று கேட்க எனக்குத் தெரியும். எல்லா வீட்டு யு.டி.எஸ்.ஸையும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இதற்கு வக்கீல்கூட வேண்டாம், நீங்களே செய்யலாம்.

அதே ஈ.சி.யில் 1998-ல் விற்பவரின் அப்பா வீட்டுக்கடனுக்காகப் பத்திரத்தை அடமானம் வைத்த எம்.ஓ.டி. பதிவு இருந்தது. கடன் அடைத்ததற்கான ரசீதுப் பதிவு இல்லை. கடன் 2006-லேயே முடிந்துவிட்டதாம், யாரும் போய்ப் பதிவு செய்யவில்லை. அது அந்த வங்கிக்கு நாலு நடை நடந்ததும் சரியாகிவிட்டது.

பெரிய விஷயம் ஈ.சி.யில் இல்லவே இல்லை. ஈ.சி. என்பது பதிவான பத்திரங்களின் பட்டியல் மட்டும். ஒருவர் இறந்து சொத்து வாரிசுகளுக்குப் போவது அதில் வராது. எங்களுக்கு வீட்டை விற்க வந்தவர்கள் மூன்று பேர்: ஒரு அம்மா, அவருடைய மகன், சிங்கப்பூரில் இருக்கும் மகள். வீடு அந்த அம்மாவின் கணவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் 2009-ல் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். லேமினேட் செய்த வாரிசுச் சான்றை வக்கீல் விளக்குக்கு அருகில் பிடித்துப் படித்தார். மனைவி, மகன், மகள். நாலாவது வரியில் அவர் விரல் நின்றது.

"இந்த நாலாவது பேர் யாரும்மா?"

"அவங்க பாட்டி சார். இறந்துட்டாங்களாம்."

"எப்போ?"

"2013-ன்னு சொன்னாங்க."

"பையன் போனது 2009. அப்ப நாலு வருஷம் இந்த அம்மா கால் பங்குக்குச் சொந்தக்காரங்களா இருந்திருக்காங்க. இவங்களுக்கு வேற பிள்ளைங்க உண்டா?"

எங்களுக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே விற்பவருக்கு ஃபோன் போட்டோம். ஒரு சித்தப்பா, திருச்சியில் ஒரு அத்தை இருக்கிறார்கள் என்றார்.

வக்கீல் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஒரு ஆண் உயில் இல்லாமல் இறந்தால் அவருடைய மனைவி, மகன், மகளோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வகை வாரிசு. நாலு பேருக்கும் சம பங்கு, ஆளுக்குக் கால். பிறகு அந்தத் தாயும் உயில் இல்லாமல் இறக்கும்போது, அவருடைய கால் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். முன்பே இறந்த மகனின் பாகம் அந்த மகனின் பிள்ளைகளுக்கு. ஆக அந்தக் கால் பங்கை மூன்றாகப் பிரித்தால், சித்தப்பாவுக்கு வீட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அத்தைக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. இரண்டு பேரும் கையெழுத்துப் போடாமல் நாங்கள் பதிவு செய்திருந்தால் முழு விலையைக் கொடுத்து ஆறில் ஐந்து பங்கு வீட்டைத்தான் வாங்கியிருப்போம். என்றைக்காவது அத்தையின் பிள்ளைகள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் அதில் நாங்களும் எதிர்வாதிகள்.

வங்கி வக்கீல் பார்த்ததும் இதே வாரிசுச் சான்றைத்தான். லேபில் நான் தினம் ரிப்போர்ட் சரிபார்க்கிறவள். ஒரு எண் விடுபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவள். அன்று படியிறங்கும்போது எனக்குக் கால் நடுங்கியது. நாங்கள் போடவிருந்த கடன் நாற்பது லட்சம், இருபது வருஷம்.

அடுத்த மூன்று வாரம் கஷ்டமாக இருந்தது. புரோக்கர் கோபப்பட்டார். "செத்துப்போன பாட்டிக்கு எதுக்கு மேடம் கையெழுத்து? வக்கீல்னா எதையாவது கிளப்பிட்டுத்தான் இருப்பாங்க" என்றார். இந்தப் பேச்சை நீங்களும் கேட்பீர்கள். தயவுசெய்து அதற்கு இறங்கி வராதீர்கள். விற்பவருக்கும் வருத்தம்தான். "சிஸ்டர், அத்தைகிட்ட பத்து வருஷமா பேச்சே இல்ல" என்றார். அவர் ஏமாற்ற நினைத்தவர் இல்லை. அவருக்கே இது தெரியாது. வக்கீல் அவரை வரச் சொல்லி, அவருக்கும் அதே பொறுமையோடு ஒரு தாளில் கட்டம் போட்டு விளக்கினார். எங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு எதிர்த் தரப்புக்கும் இவ்வளவு நேரம் செலவிடுகிறாரே என்று என் கணவருக்குக்கூட முதலில் தோன்றியது. ஆனால் அந்த ஒரு மணி நேரப் பேச்சால்தான் விஷயம் சண்டையாகாமல் முடிந்தது.

அத்தை தன் பங்கைக் கேட்டார். கேட்டது சரிதான் என்று நான் நினைக்கிறேன். 64 லட்சத்தில் பன்னிரண்டில் ஒன்று ஐந்து லட்சத்து முப்பத்து மூவாயிரம் சொச்சம். சித்தப்பாவுக்கும் அதே தொகை. இருவரும் விற்பவர்களாகவே கிரயப் பத்திரத்தில் சேர்ந்தார்கள். எங்களுக்கு விலை ஒரு ரூபாய் கூடவில்லை, விற்பவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். பதிவு நாளன்று கைரேகை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த அத்தை என்னிடம், "எங்கம்மாவுக்கு இதுல ஒரு பங்கு இருந்ததுன்னு எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றார்.

எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் அக்ரிமென்ட். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அதில் இவர் எழுதிய ஒரு ஷரத்து எனக்குப் பிடித்தது: விற்பவர்களின் உரிமையில் குறை இருப்பது தெரியவந்தால் அட்வான்ஸை முப்பது நாளில் முழுதாகத் திருப்பித் தர வேண்டும். புரோக்கர் கொண்டுவந்திருந்த படிவத்தில், நாங்கள் பின்வாங்கினால் அட்வான்ஸ் போய்விடும் என்பது மட்டும்தான் இருந்தது.

வருமான வரிப் பிடித்தம் பற்றியும் அவர்தான் எச்சரித்தார். நாங்கள் வாங்கிய 2024-ல் இருந்த விதிப்படி, விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குகிறவர் 1 சதவீதம் பிடித்து 26கியூபி படிவத்தில் கட்ட வேண்டியிருந்தது. வாங்குபவர், விற்பவர் ஒவ்வொரு ஜோடிக்கும் தனிப் படிவம். நானும் கணவரும் இரண்டு பேர், இந்தியாவில் இருக்கும் விற்பவர்கள் நாலு பேர், ஆக எட்டுப் படிவம். சிங்கப்பூர் மகளுக்கு இந்த 1 சதவீதம் பொருந்தவில்லை. வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால் பிரிவும் வேறு, விகிதமும் பல மடங்கு அதிகம், வரி பிடிக்கிறவருக்கான டான் எண் வேறு அப்போது எடுக்க வேண்டியிருந்தது. இதற்கு "நான் ஆள் இல்லை, ஆடிட்டர்கிட்ட போங்க" என்று நேராகச் சொல்லிவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதில் எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 64 லட்சத்துக்கு 5 லட்சத்து 76 ஆயிரம். பதிவுக் கட்டணம் 2023-க்கு முன் 4 சதவீதமாக இருந்தது. பில்டரிடமிருந்து முதல் முறையாக வாங்கும் புது ஃபிளாட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து வேறு கணக்கு. 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். பழைய வீடா புது வீடா என்று ஒப்பிடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். புது ஃபிளாட்டுக்கு இந்த வக்கீலைவிட, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி எல்லாம் தினமும் கையாளும் இளைய வக்கீல் யாராவது பொருத்தமாக இருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். இவருடைய பலம் பழைய பத்திரம், வாரிசு, பாகப்பிரிவினை.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு வாரத்தில் ஒப்பீனியன் தருவதாகச் சொன்னார், எல்லா ஆவணமும் கொடுத்த பிறகு பதினேழு நாள் ஆயிற்று. மாலை ஐந்து மணிக்கு முன் ஃபோன் எடுக்கவே மாட்டார், கோர்ட்டில் இருப்பார். மெசேஜ் பார்க்கும் பழக்கம் இல்லை. புரோக்கர் ஒரு பக்கம் நெருக்கும்போது இந்த மௌனம் ரொம்பப் படுத்தியது. முதலில் கையால் எழுதிய இரண்டு பக்கம்தான் கொடுத்தார். டைப் செய்து கையெழுத்திட்டுத் தரும்படி நான் மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. மூட்டுவலி இருக்கும் என் மாமியாரால் அந்தப் படியில் ஏற முடியாமல் கீழே ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தார். பெரியவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

அவர் பார்ப்பது காகிதத்தை மட்டும். வீட்டை நாம்தான் பார்க்க வேண்டும். நாங்கள் இரண்டு முறை பகலில், ஒரு முறை நல்ல மழையன்று போனோம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று புரோக்கரிடம் கேட்காமல் எதிரே இருந்த இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டோம். தன் முட்டிக்குக் கீழே தொட்டுக் காட்டினார். இதற்கு முன் பார்த்த இன்னொரு கட்டடத்தில், தரைத்தளத்து ஈ.பி. மீட்டர்களைப் பழைய இடத்திலிருந்து நாலு அடி மேலே தூக்கி வைத்திருந்தார்கள், கீழே பழைய பலகையின் திருகாணி ஓட்டைகள் அப்படியே இருந்தன. அதைப் பார்த்ததும் அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலு மதிப்பெண் தருவேன். குறைத்த ஒன்று அந்தப் பதினேழு நாளுக்காக. ஒப்பீனியன் 8,000. அக்ரிமென்ட்டும் கிரயப் பத்திரமும் எழுதித் தர 12,000 தனி. புரோக்கருக்குக் கொடுத்த 1 சதவீத கமிஷனில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை.

இவரிடமோ அந்தப் பகுதியில் வேறு வக்கீலிடமோ போகிறவர்கள் முதல் நாளே இவற்றைக் கொண்டுபோனால் ஒரு நடை மிச்சம்: கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய பத்திரங்கள், கட்டுமான ஒப்பந்தம், வரைபடம், சொத்து வரி, தண்ணீர் வரி ரசீதுகள். குடும்பத்தில் யாராவது இறந்திருந்தால் அவர்கள் ஒவ்வொருவரின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். எல்லாம் ஜெராக்ஸ் போதும். அசல் பத்திரத்தை அவர் வாங்கி வைத்துக்கொள்வதில்லை, ஒரு முறை விற்பவர் முன்னிலையில் சரிபார்த்துவிட்டுக் கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். வண்டியில் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால் மாறாமல் உயர் நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். மாலை ஐந்தரை மணிக்கு மேல், சனிக்கிழமை என்றால் காலையிலேயே இருப்பார்.

பதிவு முடிந்து மூன்று வாரம் கழித்து ஈ.சி.யை இன்னொரு முறை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். எடுத்தோம். கடைசிப் பதிவில், எழுதிக்கொடுத்தவர் என்ற இடத்தில் ஐந்து பெயர்கள், அத்தையுடையது ஐந்தாவது. எழுதி வாங்கியவர் இடத்தில் எங்கள் இருவர் பெயர். என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அவரிடம் சொன்னபோது, "பத்திரத்துல சரியா இருக்கில்ல? அப்ப சார் பதிவாளருக்கு மனு எழுதித் தரேன், நாளைக்கு வாங்க" என்றார். அதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை.